செவ்வாயில் விட்டுவந்த தவறுகள்

ஆண்டி வியரின் நாவல் ஒரு கணக்கு நோட்டு. ரிட்லி ஸ்காட்டின் படம் ஒரு வண்ண ஆல்பம். இரண்டிலும் பிழைத்து வருபவன் ஒரே மனிதன். பிழைத்த காரணம்தான் வேறு.

ஒரு மனிதன், பன்னிரண்டு உருளைக்கிழங்கு, ஒரு கிரகம். 'தி மார்ஷியன்' கதையை இந்த ஒற்றை வரியில் அடக்கிவிடலாம். செவ்வாய் கிரகத்துக்குப் போன ஆறு பேர் கொண்ட அமெரிக்கக் குழு, போய்ச் சேர்ந்த ஆறாம் நாளே புழுதிப் புயலில் சிக்குகிறது. காற்றில் பிய்த்துக்கொண்டு வந்த ஆன்டெனா ஒன்று மார்க் வாட்னி என்ற தாவரவியல் நிபுணன் மேல் பாய்ந்து அவனைத் தூக்கியெறிகிறது. செத்துவிட்டான் என்று நினைத்து மற்ற ஐவரும் கிளம்பிப் போகிறார்கள். அவன் சாகவில்லை. அடுத்த குழு வர நான்கு வருஷமாகும். கையிருப்பில் உள்ள சாப்பாடு, வயிற்றைக் கட்டினாலும் ஒரு வருஷத்துக்குச் சற்று மேல்தான் வரும். பூமியோடு பேச ரேடியோ இல்லை. பண்டிகை விருந்துக்காகக் கொண்டுவந்த பச்சை உருளைக்கிழங்கு மட்டும் இருக்கிறது.

இந்தக் கதை இரண்டு உருவங்களில் உலகைச் சுற்றியது. கலிபோர்னியாவைச் சேர்ந்த ஆண்டி வியர் எழுதிய நாவல் 2011ல் இன்டர்நெட் மூலம் வெளியாகி, 2014 பிப்ரவரியில் பெரிய பதிப்பகத்தின் புத்தகமாயிற்று. ரிட்லி ஸ்காட் இயக்கத்தில் மாட் டாமன் நடித்த படம் 2015 அக்டோபரில் வெளிவந்தது. மூலக் கதைக்கு இவ்வளவு விசுவாசமான ஹாலிவுட் படம் அபூர்வம் என்று அப்போது பலரும் பாராட்டினார்கள். பாராட்டில் தப்பில்லை. சம்பவங்கள், பாத்திரங்கள், நகைச்சுவை, ஏன், உருளைக்கிழங்குக்கு உரம் போடும் அருவருப்பான விவரம்கூட அப்படியே இருக்கிறது. ஆனால் ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்துக்குள் கதையை முடிப்பதற்காக வெட்டியெறிந்த பகுதிகளை மட்டும் தனியே சேர்த்துப் பார்த்தால் ஓர் ஒற்றுமை புலப்படுகிறது. அவற்றில் முக்கியமானவை, வாட்னி தன் கையாலேயே செய்துகொண்ட தவறுகள்.

மொழிபெயர்ப்பு வேலை செய்கிறவர்களுக்கு இந்த அனுபவம் புதிதல்ல. ஒரு மொழிபெயர்ப்பில் வந்து சேர்ந்திருக்கும் வார்த்தைகளைவிட, விட்டுப்போன வார்த்தைகள்தான் மொழிபெயர்த்தவரின் மனதைக் காட்டிக்கொடுக்கும். நாவலைப் படமாக்குவதும் ஒரு வகை மொழிபெயர்ப்பே. எழுத்திலிருந்து காட்சிக்குப் போகும்போது எது சுமை என்று தோன்றியது, எது அவசியம் என்று பட்டது? 'தி மார்ஷியன்' விஷயத்தில் இந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் ஓர் ஆங்கிலப் படத்தோடு நிற்பதில்லை. ஆபத்திலிருந்து ஒரு மனிதன் பிழைத்து வருவது எதனால் என்ற பழைய கேள்வியைத் தொடுகிறது.

நாவல் பிறந்த விதத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். வியர் அப்போது தொழில்முறை எழுத்தாளர் அல்ல, கம்ப்யூட்டர் புரோகிராமர். தந்தை துகள் இயற்பியல் விஞ்ஞானி. பதிப்பகங்கள் தன் எழுத்தைச் சீந்தாததால், நாவலை அத்தியாயம் அத்தியாயமாகத் தன் இணையதளத்தில் இலவசமாகப் போட்டுவந்தார். படித்தவர்களில் ரசாயனம் தெரிந்தவர்கள் இருந்தார்கள், எஞ்சினியர்கள் இருந்தார்கள். இந்தக் கணக்கு உதைக்கிறது, இந்த ரசாயன மாற்றம் இப்படி நடக்காது என்று எழுதினார்கள். அவரும் திருத்தினார். கையில் வைத்துப் படிக்கத் தோதாக வேண்டும் என்று வாசகர்கள் கேட்கவே, அமேசானின் கிண்டிலில் அனுமதிக்கப்பட்ட குறைந்தபட்ச விலையான 99 சென்ட்டுக்கு வைத்தார். மூன்று மாதத்தில் 35,000 பிரதிகள் போயின. அதன் பிறகுதான் பதிப்பகமும் ஹாலிவுட்டும் அவர் வீட்டு வாசலைத் தேடி வந்தன. ஆக, அடுத்தவர் சுட்டிக்காட்டிய தவறுகளைத் திருத்தித் திருத்தி வளர்ந்த புத்தகம் இது. அதன் நாயகனும் தவறு செய்து, கண்டுபிடித்து, திருத்திக்கொண்டு வளர்கிறவனாக இருப்பதில் ஆச்சரியமில்லை.

நாவல் திறக்கும்போதே வாட்னி தனியாக இருக்கிறான். முதல் வாக்கியமே அச்சில் ஏற்ற முடியாத ஒரு வசவு. ஆரம்ப அத்தியாயங்கள் முழுக்க அவன் எழுதும் தினசரிக் குறிப்புகள்தான். பூமி, நாசா அதிகாரிகள், சக வீரர்கள் யாரும் கண்ணில் படுவதில்லை. ஒவ்வொரு குறிப்பும் அதுவே கடைசியாக இருக்கலாம் என்ற பயத்தோடு படிக்கவேண்டியிருக்கிறது. செவ்வாயின் ஒரு நாளுக்கு 'சோல்' என்று பெயர். 24 மணி 39 நிமிஷம் சொச்சம். நாவலில் அந்த நாட்கள் நகர்வதே கணக்குகளின் மேல்தான்.

உதாரணத்துக்கு ஒன்று. அவன் தங்கியிருக்கும் காற்றடைத்த கூடாரத்தின் தரைப்பரப்பு 92 சதுர மீட்டர். கட்டில்கள், மேஜை, ரோவர் வண்டிகளின் அவசரக் கூடாரங்கள் என்று கிடைத்த இடத்திலெல்லாம் மண்ணைப் பரப்பினால் 126 சதுர மீட்டர் விளைநிலம் தேறுகிறது. பத்து சென்டிமீட்டர் ஆழத்துக்கு மண் என்றால் 12.6 கன மீட்டர். ஒரு கன மீட்டர் மண் ஈரமாக இருக்க 40 லிட்டர் தண்ணீர் வேண்டும். பெருக்கினால் சுமார் 500 லிட்டர். கையில் இருப்பது 300 லிட்டர். அதில் குடிக்கவும் வேண்டும். மீதத் தண்ணீருக்கு எங்கே போவது? ராக்கெட் எரிபொருளான ஹைட்ரஸீனைச் சிதைத்து ஹைட்ரஜனைப் பிரித்து, அதை எரித்துத் தண்ணீராக்குவது. தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ராக்கெட் எரிபொருளைக் கொளுத்தும் விஷப்பரீட்சை இது என்று அவனுக்கே தெரியும். வேறு வழியில்லை. ரேஷன் கார்டை வைத்துக்கொண்டு மாதக் கடைசியை எண்ணும் குடும்பத் தலைவியின் நிலைமையில்தான் வாட்னி இருக்கிறான். வாசகரும் பென்சிலை எடுத்துக்கொண்டு கூடவே கூட்டிக் கழிக்க ஆரம்பித்துவிடுகிறார்.

இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை விழுகிறது. பிரிந்த ஹைட்ரஜன் முழுவதும் எரிந்துவிட்டதாக அவன் நினைத்திருக்க, கூடாரத்துக் காற்றில் 64 சதவீதம் ஹைட்ரஜன் சேர்ந்துவிட்டது பிறகுதான் தெரியவருகிறது. ஒரு பொறி போதும், வீடே வெடிகுண்டு. அலறி ஓடி ரோவர் வண்டிக்குள் பதுங்குகிறான். யோசிக்கிறான். ஆக்ஸிஜன் இல்லாமல் தீ கிடையாது என்ற பள்ளிக்கூடப் பாடத்தைப் பிடித்துக்கொண்டு, ஆக்ஸிஜனைக் குறைத்து, ஹைட்ரஜனைக் கொஞ்சம் கொஞ்சமாக எரித்துத் தீர்க்கிறான். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் இன்னொரு வெடிப்பு. காரணம், அந்த மூச்சேதான்! முகமூடி வழியே அவன் விட்ட மூச்சில் கலந்திருந்த ஆக்ஸிஜனைக் கணக்கில் சேர்க்க மறந்திருக்கிறான். படத்தில் இந்த நீண்ட பதற்றம் ஒரே ஒரு வெடிப்பாகச் சுருங்கி, புகை படிந்த முகத்தோடு ஓர் அசட்டுச் சிரிப்பில் முடிந்துவிடுகிறது. தியேட்டரில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நாவலில் அந்த இடத்தில் சிரிப்பதற்கு முன்னால் உள்ளங்கை வியர்த்துவிடும்.

இது சிறிய வெட்டு. பெரிய வெட்டு பின்னால் வருகிறது. 1997 ஜூலை 4 அன்று செவ்வாயில் இறங்கி, செப்டம்பர் மாதக் கடைசியில் பேச்சை நிறுத்திக்கொண்ட 'பாத்ஃபைண்டர்' கலம் நிஜமானது. வாட்னி மணலில் புதைந்துகிடக்கும் அதைத் தோண்டியெடுத்து, உயிர் கொடுத்து, அதன் காமிரா வழியாகப் பூமியோடு பேசத் தொடங்குவது நாவலிலும் படத்திலும் அற்புதமான கட்டம். படத்தில் அந்தத் தொடர்பு அதற்குப் பிறகும் நீடிக்கிறது. நாவலிலோ, நீண்ட பயணத்துக்காக ரோவரில் துளை போட்டுக்கொண்டிருக்கும் வாட்னி, துளையிடும் கருவியைக் கவனமில்லாமல் மேஜை மேல் சாய்த்து வைக்கிறான். அதே மேஜையோடு பாத்ஃபைண்டர் இணைந்திருக்கிறது. மின்சாரம் தவறான வழியில் பாய்ந்து, பூமியோடிருந்த ஒரே நூல் கருகிவிடுகிறது. புயல் இல்லை, விதி இல்லை, வில்லன் இல்லை. பழுது பார்க்கும் கடைகளில் தினமும் நடக்கக்கூடிய கவனக்குறைவு. அதன் பிறகு அவன் மறுபடி தன்னந்தனி. தரையில் கற்களை அடுக்கி மோர்ஸ் சங்கேதத்தில் சேதி எழுதுகிறான்; மேலே சுற்றும் செயற்கைக்கோள்கள் அதைப் படம் பிடிக்கும் என்ற நம்பிக்கையில். அவர்கள் படிக்கலாம், பதில் சொல்ல முடியாது.

படத்தில் தனிமை வெளியிலிருந்து அவன் மேல் வந்து விழுகிறது. நாவலில் இரண்டாவது தனிமையை அவனே வரவழைத்துக்கொள்கிறான். எந்தத் தனிமை அதிகம் வலிக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த ஒரு வெட்டின் விளைவாக அடுத்தடுத்த பகுதிகளும் உதிர்ந்துபோயின. 3,200 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் ஷியாபரெல்லி பள்ளத்தை நோக்கி அவன் ரோவரில் போகும்போது, வழியில் பெரும் புழுதிப் புயல் ஒன்று கவிந்துகொண்டிருக்கிறது. பூமியில் உள்ளவர்களுக்கு அது தெரிகிறது, சொல்ல வழியில்லை. சூரிய மின் தகடுகளின் உற்பத்தி நாளுக்கு நாள் குறைவதை வைத்து, எதிரே புயல் இருப்பதை அவனே ஊகிக்கிறான். தகடுகளை வெவ்வேறு இடங்களில் வைத்து அளவெடுத்து, புயல் எந்தப் பக்கம் நகர்கிறது என்று கணக்கிட்டு, தெற்கே சுற்றிப் போய்த் தப்புகிறான். கருவிகளோ ஆலோசனையோ இல்லாமல், இருட்டிக்கொண்டு வரும் வானத்தைப் பார்த்து மழையைச் சொல்லும் விவசாயியின் அறிவு அது. பிறகு பள்ளத்தில் இறங்கும் சரிவில், இனி என்ன, வந்துவிட்டோம் என்ற அசட்டை தலைகாட்டும்போது வண்டி குப்புறக் கவிழ்கிறது. இவை இரண்டும் படத்தில் கிடையாது. செம்மண் வெளியில் வண்டி ஊர்கிறது, இசை எழுகிறது, ஊர் வந்துவிடுகிறது.

இன்னொரு நுட்பமான இழப்பும் உண்டு. கூடாரத்தின் ஏர்லாக், அதாவது வெளியே போகும் இரட்டைக் கதவு அறை, ஒரு நாள் பிய்த்துக்கொண்டு பறந்துவிடுகிறது. உள்ளே இருந்த பயிர் மொத்தமும் நாசம். படத்தில் இது திடீரென்று நடக்கும் விபத்து. பார்ப்பவர்கள் நாற்காலியில் துள்ளுகிறார்கள். நாவலில் வியர் கதையை நிறுத்திவிட்டு, அந்தக் கான்வாஸ் துண்டின் வாழ்க்கை வரலாற்றைச் சொல்ல ஆரம்பிக்கிறார். எப்படி நெய்யப்பட்டது, எப்படிச் செவ்வாய்க்கு வந்தது, எந்த இடத்தில் பொருத்தப்பட்டது, ஆறாம் நாள் புயலில் எவ்வளவு இழுபட்டது, ஒரே வாசல் வழியாக வாட்னி தினமும் போய் வந்ததில் அதன் இழைகள் எப்படித் தளர்ந்தன என்று நிதானமாக விவரிக்கிறார். படிப்பவருக்கு முடிவு தெரிந்துவிடுகிறது, அவனுக்குத் தெரியாது. பேரழிவு என்பது சின்னச் சின்னப் பழக்கங்களின் வட்டியும் முதலும் என்பதை இவ்வளவு சுருக்கமாகச் சொன்ன பக்கங்கள் விஞ்ஞானப் புனைகதையில் அதிகம் இல்லை.

இவ்வளவு சொன்ன பிறகு, படத்துக்குச் சேரவேண்டிய நியாயத்தையும் வழங்கியாக வேண்டும். ஏனென்றால் நாவலால் முடியாத சிலவற்றை ஸ்காட் சாதித்திருக்கிறார்.

வியரின் வாட்னி ஓயாமல் பேசுகிறான். எல்லாவற்றையும் ஜோக்காக்கிவிடுகிறான். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் இருப்பது என்ன என்று எட்டிப்பார்க்க நாவலில் ஜன்னல் இல்லை. குறிப்பு எழுதுகிறவன் எழுத விரும்பாததை வாசகர் அறிய வழியில்லை. காமிராவுக்கு அந்தத் தடை இல்லை. ஜோர்டான் நாட்டின் வாடி ரம் பாலைவனத்தில் படமாக்கிய காட்சிகளில், டாமன் பேச்சை நிறுத்திவிட்டுச் சரிவில் உட்கார்ந்து தொலைவைப் பார்க்கும்போது, நாவலில் எங்குமே இல்லாத ஒரு மௌனம் கிடைக்கிறது. பல மாதப் பட்டினியில் எலும்பும் தோலுமாகிப்போன உடலை ஒரு முறை காட்டுகிறார்கள். கலோரிக் கணக்காகப் படித்தது அங்கே உடம்பாக மாறி நிற்கிறது. கடைசியில், மீட்க வந்தவர்களின் குரலை ரேடியோவில் கேட்டதும், அதுவரை கேலி பேசியே காலம் தள்ளியவன் உதடு துடிக்க அழுகிறான். நாவலின் எல்லாப் பக்கங்களையும் தாண்டி மனதில் நிற்பது அந்த முகம்தான்.

பூமியில் இருப்பவர்களுக்கும் படத்தில்தான் உயிர் வருகிறது. நாவலில் நாசா அதிகாரிகள் பலர் வசனம் பேசுவதற்காக நிறுத்திவைத்த பொம்மைகள். அவர்களை வேறுபடுத்துவது பெயரும் கோபமும்தான். நல்ல நடிகர்கள் வந்து அமர்ந்ததும் அதே வசனங்களுக்குக் கனம் கூடிவிடுகிறது. சக வீரனைக் கைவிட்டு வந்துவிட்டோம் என்ற குற்ற உணர்வை ஜெஸிக்கா சாஸ்டெய்ன் கண்களிலேயே சுமக்கிறார்.

பெயர் என்றதும் இன்னொரு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. இந்திய வாசகர்களைச் சற்று உறுத்தக்கூடிய விஷயம். செவ்வாய்த் திட்டங்களுக்குப் பொறுப்பான நாசா அதிகாரி நாவலில் டாக்டர் வெங்கட் கபூர். தெற்கத்திப் பெயருக்கு வடக்கத்திக் குடும்பப் பெயரை முடிச்சுப் போட்டதில் வியரின் இந்தியப் பூகோளம் கொஞ்சம் தடுமாறியிருக்கலாம். சென்னையிலும் சண்டிகரிலும் ஒரே நேரத்தில் புருவம் உயர்த்தவைக்கும் பெயர் அது. ஆனாலும் அவர் ஐயத்துக்கு இடமில்லாத இந்தியர்; கடவுள் நம்பிக்கை உண்டா என்று கேட்டால், தான் இந்து என்பதையே பதிலாகச் சொல்கிறவர். படத்தில் அவர் வின்சென்ட் கபூர் ஆகிவிட்டார். நடித்தவர் நைஜீரியப் பெற்றோருக்குப் பிறந்த பிரிட்டிஷ் நடிகர் சிவெட்டெல் எஜியோஃபோர். தந்தை இந்து, தாய் பாப்டிஸ்ட் என்று ஒரு வசனத்தைச் சேர்த்துச் சமாளித்தார்கள். முதலில் இர்ஃபான் கானைத்தான் அணுகினார்கள், 'பிக்கு' படத்துக்கு ஒப்புக்கொண்டிருந்ததால் அவரால் முடியவில்லை என்று செய்திகள் வந்தன. எஜியோஃபோர் அருமையாக நடித்திருக்கிறார், அதில் மறுபேச்சில்லை. ஆனால் இர்ஃபான் கிடைக்கவில்லை என்றால் வெங்கட்டும் போய்விட வேண்டுமா? மிண்டி பார்க் என்ற இளம் நாசா ஊழியையின் பாத்திரத்துக்கும் இதுதான் கதி. பார்க் என்பது கொரியக் குடும்பங்களில் சகஜமான பெயர். அந்த வேடத்தை வெள்ளைக்கார நடிகைக்குக் கொடுத்ததை அமெரிக்காவிலுள்ள ஆசியர்களின் அமைப்பு ஒன்று 2015ல் கண்டித்தது. விண்வெளித் துறையில் இந்தியப் பெயர்கள் சகஜமாகிவிட்ட காலத்தில், கற்பனையில் கிடைத்த இடத்தைப் படத்தில் பறிகொடுத்தது விசித்திரம். அதற்கு முந்தைய வருஷம், 2014 செப்டம்பர் 24 அன்று, இந்தியாவின் மங்கள்யான் செவ்வாயின் சுற்றுப்பாதைக்குள் நுழைந்திருந்தது. அதற்கு ஆன செலவு 450 கோடி ரூபாய், அன்றைய மதிப்பில் சுமார் 7.4 கோடி டாலர். செவ்வாய்க்குப் போவதாக நடிப்பதற்கு ஸ்காட்டுக்கு ஆன செலவு சுமார் 10.8 கோடி டாலர்.

தவறுகளை நீக்கிய படம், ஒரு தவறை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. கதையைத் தொடங்கிவைக்கும் புயல்! செவ்வாயின் காற்றழுத்தம் பூமியினுடையதில் ஒரு சதவீதம்கூடக் கிடையாது. அங்கே மணிக்கு 175 கிலோமீட்டர் வேகத்தில் காற்றடித்தாலும் இங்கே மெல்லிய தென்றல் தொட்டது போலத்தான் இருக்கும். ராக்கெட்டைச் சாய்க்கும் வலு அதற்கு இல்லை. இது தெரிந்தேதான் எழுதியதாக வியரே ஒப்புக்கொண்டிருக்கிறார். மனிதனுக்கும் இயற்கைக்கும் நடக்கும் போராட்டத்தில் முதல் அடி இயற்கையுடையதாக இருக்கட்டும் என்பது அவர் வாதம். வேறு சில விஷயங்களை விஞ்ஞானம் பின்னால் வந்து திருத்திவிட்டது. செவ்வாய் மண்ணின் எடையில் சுமார் 2 சதவீதம் தண்ணீர் என்று கியூரியாசிட்டி ரோவர் மூலம் 2013ல் தெரியவந்தது. வாட்னி உயிரைப் பணயம் வைத்து ஹைட்ரஸீனைக் கொளுத்தியிருக்க வேண்டாம், மண்ணைச் சூடாக்கியிருந்தாலே போதும்! அந்த மண்ணில் பெர்க்குளோரேட் என்ற நச்சு உப்பு இருப்பதை ஃபீனிக்ஸ் கலம் 2008லேயே காட்டியிருந்தது. கழுவாமல் பயிரிட்டால் உருளைக்கிழங்கு உடம்புக்கு ஆகாது. இதையெல்லாம் வைத்து நாவலைக் குறைசொல்ல வேண்டியதில்லை. தவறைச் சுட்டிக்காட்டினால் கோபித்துக்கொள்ளாத புத்தகம் இது.

நாவலில் இன்னும் இருண்ட மூலை ஒன்று இருக்கிறது. வாட்னியை மீட்கத் திரும்பும் கலத்துக்கு உணவுப்பொருள் அனுப்ப வேண்டும். அது வந்து சேராவிட்டால் என்ன செய்வது என்று அந்த ஐவரும் முன்கூட்டியே தீர்மானித்துவைத்திருக்கிறார்கள். உருவத்தில் சிறியவள், வயதில் இளையவள் என்பதால் ஜோஹான்ஸன் மட்டும் உயிர் பிழைக்க வேண்டும். மற்ற நால்வரும் தற்கொலை செய்துகொள்வார்கள். அவர்களுடைய உடல்களே அவளுக்கு உணவு. இதை அவள் தன் தந்தையிடம் சொல்லும் பகுதி சில வரிகள்தான். படித்து முடித்ததும் தொண்டை அடைத்துக்கொள்கிறது. படத்தில் இதன் நிழல்கூட இல்லை. குடும்பத்தோடு பார்க்கவேண்டிய படம் என்ற காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே. ஆனால் ஒருவனைக் காப்பாற்றுவதற்காக ஐந்து பேர் எதை ஈடாக வைத்தார்கள் என்ற அளவு அதில் இருந்தது. அது போனதும் அவர்களுடைய தியாகம் உல்லாசப் பயணம் போல லேசாகிவிட்டது. அந்த வருஷத்துக்கான கோல்டன் குளோப் விருதுகளில் இதற்குச் சிறந்த நகைச்சுவைப் படம் என்ற பரிசு கிடைத்தபோது சிரித்தவர்கள் உண்டு. ஏழு ஆஸ்கார் பரிந்துரைகளில் ஒன்றும் விருதாகவில்லை.

உச்சகட்டத்தைப் பார்த்தால் இரண்டு படைப்புகளின் போக்கும் துலங்கிவிடும். விண்வெளியில் மிதந்துவரும் வாட்னிக்கும் மீட்புக் கலத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடைவெளி மிச்சமிருக்கிறது. கையுறையில் ஓட்டை போட்டு, பீய்ச்சும் காற்றின் விசையில் தான் பறந்து வருவதாக அவன் சொல்கிறான். நாவலில் தலைவி லூயிஸ் அதைப் பைத்தியக்கார யோசனை என்று தள்ளிவிடுகிறாள். ஆனால் அதிலிருந்தே அவளுக்கு வேறொரு யோசனை பிறக்கிறது. கலத்தின் காற்றையே வெளியே பீய்ச்சிவிட்டு வேகத்தைக் குறைக்கிறார்கள். அவனைப் போய்ப் பிடிப்பவன் அந்த வேலைக்காகப் பயிற்சி பெற்ற பெக். லூயிஸ் தன் இருக்கையை விட்டு நகர்வதில்லை. ஆபத்து வேளையில் தலைவியின் இடம் அதுதான். படத்தில் லூயிஸ் பெக்கை ஒதுக்கிவிட்டுத் தானே வெளியே போகிறாள். வாட்னியும் கையுறையைக் கிழித்துக்கொண்டு இரும்பு மனிதனாகப் பறந்தே வருகிறான். விட்டுவிட்டு வந்தவளே கைநீட்டிப் பிடிப்பதில் உணர்ச்சி இருக்கிறது, மறுக்க முடியாது. ஆனால் ஐந்து பேர் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்ததால் ஆறாமவன் பிழைத்தான் என்ற உண்மை அங்கே இரண்டு பேரின் சாகசமாக மாறிவிட்டது.

முடிவும் அப்படியே. படத்தின் கடைசியில் வாட்னி பூமிக்குத் திரும்பி, வகுப்பறையில் வருங்கால விண்வெளி வீரர்களுக்குப் பாடம் நடத்துகிறான். ஒரு பிரச்னையைத் தீர், பிறகு அடுத்ததைத் தீர், போதுமான அளவு தீர்த்துவிட்டால் வீடு திரும்பலாம் என்பது பாடத்தின் சாரம். நல்ல பாடம்தான். நாவல் அந்த இடத்துக்குப் போவதே இல்லை. மீட்புக் கலத்திலேயே, விலா எலும்பு வலியோடு படுத்தபடி, வாட்னி கடைசிக் குறிப்பை எழுதுகிறான். அசட்டுத் தாவரவியல் நிபுணன் ஒருவனுக்காக ஏன் இத்தனை கோடி டாலர் செலவழித்தார்கள்? மலையில் ஒருவன் தொலைந்தால் முன்பின் தெரியாதவர்கள் தேடப் போகிறார்கள். எங்கோ பூகம்பம் என்றால் எங்கிருந்தோ உணவு மூட்டைகள் கிளம்புகின்றன. அதுதான் காரணம் என்று முடிவுக்கு வருகிறான்.

படத்தில் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெய்ஜிங்கிலும் மக்கள் கூட்டம் கூட்டமாகத் திரண்டு, பெரிய திரையைப் பார்த்துக் கைதட்டுகிறது. கிரிக்கெட் மாட்ச் பார்க்கும் கூட்டம் போல. அவர்கள் பார்வையாளர்கள். நாவலில் அதே மக்கள்தான் அவன் பிழைத்ததற்குக் காரணம். தன் திறமையால் மீண்டவன் ஒருவன், பிறர் கைகொடுத்ததால் மீண்டவன் இன்னொருவன். இருவருக்கும் பெயர் மார்க் வாட்னி.

இரண்டாவது வாட்னிக்குத்தான் தவறு செய்ய உரிமை உண்டு. தவறே செய்யாதவனுக்கு யாருடைய உதவியும் அவ்வளவாகத் தேவைப்படாது. மேஜை மேல் கருவியைச் சாய்த்துவைத்தவனுக்கு, மூச்சுக்காற்றைக் கணக்கில் விட்டவனுக்கு, வந்துவிட்டோம் என்ற அசட்டையில் வண்டியைக் கவிழ்த்தவனுக்குத்தான் அடுத்தவர் கை வேண்டும். பெயர் தெரியாத ஒரு புரோகிராமரின் கணக்குகளைக் காசு வாங்காமல் திருத்தி அனுப்பிய முகம் தெரியாத வாசகர்களும் அந்த ரகக் கைகள்தான். அவர்கள் இல்லாவிட்டால் இந்தப் புத்தகமும் செவ்வாயிலேயே நின்றிருக்கும்.

உலகெங்கும் 60 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படத்தைப் பார்த்தவர்கள், கதைதான் தெரிந்துவிட்டதே என்று நாவலை ஒதுக்கிவிட வேண்டாம். வாட்னி எப்படி எழுந்து நின்றான் என்பதைப் படத்திலேயே பார்க்கலாம். எங்கெல்லாம் தடுக்கி விழுந்தான் என்று தெரிந்துகொள்ள நாவலைத்தான் படிக்க வேண்டும்.